கப்பலுக்குப் பணம் கட்டும் முன்

நாகப்பட்டினத்தில் நான் சிறுவனாக இருந்த காலத்தில் கப்பல் ஏறுவது பிழைப்புக்காக மட்டும்தான். கரையை ஒட்டி வர முடியாமல் ரஜுலா கப்பல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். தகரப் பெட்டியும் படுக்கைச் சுருட்டுமாக ஆட்கள் படகில் போய், ஆடுகிற படகிலிருந்து ஆடுகிற கப்பலுக்கு ஏறுவார்கள். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்தது. அதில் பெரும்பாலோர் டெக்கில் பாய் விரித்துப் படுத்தவர்கள். கடலை வேடிக்கை பார்ப்பதற்காக அவர்களில் ஒருவரும் போகவில்லை.

இன்று உங்களில் பலர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கடலைப் பார்ப்பதற்காகவே கப்பல் ஏறுகிறீர்கள். பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். முன்னோர் கண்ணை மூடிக்கொண்டு கடந்த கடலைப் பேரப்பிள்ளைகள் கண் திறந்து பார்க்கட்டும். ஆனால் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் முதல் முறையாகக் குரூஸ் பதிவு செய்யப்போகும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம், “எந்தக் கப்பல் நல்ல கப்பல்?” என்பதுதான். நீச்சல் குளமும் நாடக அரங்கும் பஃபே சாப்பாடும் இல்லாத பெரிய கப்பல் இன்று ஏது? அந்தக் கேள்விக்கு விளம்பரமே பதில் சொல்லிவிடும். விளம்பரம் சொல்லாததைத்தான் பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய கிளியரிங் அலுவலகம் ஒன்றில் என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. கப்பல் தாளில் ஓர் எழுத்து மாறியதற்காக நல்ல சரக்கு வாரக்கணக்கில் கொட்டடியில் கிடந்து டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறியதைப் பார்த்துப் பழகியவன் நான். பிறகு ஓய்வுபெற்று, நானும் என் மனைவியும் சிங்கப்பூரிலிருந்து வெளிநாட்டுக் கப்பலில் பயணிகளாகவே போனோம். சரக்குக்கும் ஆளுக்கும் தாள் விஷயத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அப்போது நன்றாகத் தெரிந்தது.

இந்தக் காரியத்துக்கு இரண்டு வகைப் பொறுமை வேண்டும். பணம் கட்டும் முன் சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பது ஒன்று. கட்டிய பின் வருவதை ஏற்றுக்கொண்டு நடப்பது இன்னொன்று. உங்கள் தலைமுறை இதை முன்பின்னாக மாற்றிச் செய்கிறது. “இன்னும் இரண்டு அறைதான் மிச்சம்” என்று கைப்பேசி காட்டியதும் நள்ளிரவில் பணம் கட்டிவிட்டு, கப்பலில் ஏறிய பிறகு கேள்வி கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய இடத்தில் அவசரம், பொறுக்க வேண்டிய இடத்தில் கோபம்.

விலையை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது ஓர் ஆளுக்கான தொகை, அதுவும் ஓர் அறையில் இருவர் தங்கினால். தனியாகப் போகிறவர் பல கப்பல்களில் இருவர் கட்டணத்தையும் சேர்த்துக் கட்ட நேரும். அதன் மேல் துறைமுக வரி வரும். பிறகு பணியாளர்களுக்கான சேவைக் கட்டணம்: பெரிய கம்பெனிகளில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 15 முதல் 20 டாலர் வரை, பல கப்பல்களில் குழந்தைக்கும் உண்டு. இணைய வசதி தனி, குளிர்பானம் தனி, கரையில் இறங்கி ஊர் சுற்றுவது தனி. கல்யாண மண்டபம் பேசி முடித்த குடும்பத்தாருக்கு இது புதிதாக இருக்காது. வாடகை ஒரு தொகை. கரண்ட், ஜெனரேட்டர், துப்புரவு எல்லாம் சேர்ந்து சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது வேறு தொகை.

எங்களுக்கு டிக்கெட் போட்ட ஏஜென்ட் ஒரு சீட்டில் தொகையை எழுதி நீட்டினார். “தம்பி, கப்பலை விட்டு இறங்கும்போது எங்க கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போயிருக்கும்? அதை எழுதுங்க” என்று சீட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் கால்குலேட்டரை எடுத்தார். சேவைக் கட்டணம், துறைமுக வரி, விசா, காப்பீடு, ஏறுவதற்கு முந்தின இரவுக்கு ஹோட்டல், அட்டையில் பணம் கட்டினால் வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கழிவு, வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே வசூலிக்கும் டி.சி.எஸ். வரி எல்லாம் சேர்ந்தபோது முதல் தொகை அடையாளம் தெரியாமல் வளர்ந்திருந்தது. டி.சி.எஸ். வருமான வரிக் கணக்கில் நேராகிவிடும், மற்றவை ஆகாது. அந்த இளைஞர் பொய் எதுவும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு விற்கிறவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். முழுத் தொகையைப் பார்த்த பிறகு மனைவியிடம் கேட்டேன். “பால்கனி அறை வேணாம், ஜன்னல் வச்ச அறை போதும்” என்றாள். அங்கேயே கணிசமான தொகை குறைந்தது. அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டு வாங்கினேன். கப்பலின் ஆட்டம் அங்கேதான் குறைவு. மேல்தளத்து மூலை அறைக்கு அதிகப் பணம் கொடுத்துத் தலைசுற்றலை வாங்கி வந்தவர்களை அறிவேன்.

அடுத்தது பெயர். தமிழ்ப் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

நமக்குக் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், நம் பெயர் பின்னால் வரும். அது நம் வழக்கம்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வெளிநாட்டுக் கம்பெனியின் படிவத்துக்கு அது புரியாது. என் மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் வெறுமையாக இருந்தது. கம்பெனியின் படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடவில்லை. பதிவு செய்ய உட்கார்ந்த தம்பி மகன், “இனிஷியலைப் போட்டுடலாம் பெரியப்பா, யார் பார்க்கப் போறாங்க?” என்றான். பார்ப்பதற்கென்றே ஒவ்வொரு துறைமுகத்திலும் ஓர் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். கப்பல் புறப்படும் முன்பே பயணிகள் பட்டியல் குடிவரவுத் துறைக்குப் போய்விடுகிறது. அந்தப் பட்டியலில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். “கம்பெனிக்கு எழுதிக் கேள். பதில் வரட்டும்” என்றேன். பதில் வரச் சில நாள் ஆனது. அதற்குள் கட்டணம் கொஞ்சம் ஏறிவிட்டது என்று அவன் தவித்தான். ஏறட்டும் என்றேன். ஒற்றைப் பெயரை எந்தக் கட்டத்தில் எப்படி நிரப்புவது என்று கம்பெனியே எழுத்தில் அனுப்பியது. அந்தத் தாளை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு கம்பெனிக்கும் இதில் ஒரு வழி உண்டு. நண்பர் சொன்ன வழியை வைத்து நீங்கள் நிரப்பாதீர்கள்.

இது கப்பலோடு நிற்கும் சிக்கலும் அன்று. ஒற்றைப் பெயர்க்காரருக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சிட்டுவிடுகிறார்கள், அதாவது முதற்பெயர் தெரியாதவர். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா விசாவில் வர முடியாது என்று அறிவித்தது. அன்று விமான நிலையங்களில் தவித்தவர்களில் நம்மவர்கள் எத்தனை பேரோ. பாஸ்போர்ட் புதுப்பிக்கும் காலம் வரும்போது தகப்பனார் பெயரை உரிய கட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பா பெயர் கூட வருவது பாரமில்லை.

இனி விசா. எங்கள் தெருவில் இருக்கும் ஓர் இளம் தம்பதி, திருமணமான மறு ஆண்டு மத்தியதரைக் கடல் குரூஸுக்குப் பதிவு செய்தார்கள். ரோமாபுரிக்கு அடுத்த சிவிடாவெக்கியா துறைமுகத்தில் ஏறி, கிரேக்கத் தீவுகள் பார்த்து, துருக்கியில் ஒரு நாள் நின்று, மீண்டும் அதே துறைமுகம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா கையில் இருந்தது, ஆனால் ஒருமுறை நுழைவதற்கானது. துருக்கி ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே போய்த் திரும்பினால் இரண்டாம் நுழைவு. துறைமுகத்துக் கவுண்டரில் அந்தப் பெண் அதிகாரி விசாவை ஒருமுறை, பயண வழியை ஒருமுறை பார்த்துவிட்டு, மரியாதையாகவே தலையை அசைத்துவிட்டார். பணம் திரும்ப வரவில்லை. ஆவணங்களைச் சரியாக வைத்திருப்பது பயணியின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, டிக்கெட் போட்ட ஏஜென்ட்டோ, “விசா நீங்கதானே சார் எடுத்தீங்க?” என்றார்.

அந்தப் பையன் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. கவுண்டரில் கத்தவில்லை. அன்று மாலையே மனைவியை ரயிலில் ஏற்றிக்கொண்டு ஃப்ளாரன்ஸ் போய்விட்டான். மலிவான விடுதி ஒன்றில் தங்கி, நடந்தே ஊரைப் பார்த்தார்கள். ஊருக்கு வந்து இதை என்னிடம் சொன்னபோது பெற்றவர்களிடம் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை என்றான். பணம் போனது பெரிது; அந்தப் பெண்ணின் முன்னால் அவன் நிதானம் போகாமல் இருந்தது அதனினும் பெரிது. புது மணப்பெண்கள் இதையெல்லாம் மறப்பதில்லை.

ஆகவே கப்பலின் வழியைத் தாளில் எழுதி, ஒவ்வொரு ஊருக்கும் எதிரே எத்தனை முறை நுழைகிறோம் என்று குறித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஏறிச் சிங்கப்பூரில் இறங்கினாலும் விமானத்தில் ஒருமுறை, கப்பலில் ஒருமுறை என்று இரு நுழைவுகள். மலேசியா 2023 டிசம்பர் முதல் நமக்கு விசா விலக்கு கொடுத்தது; இன்று இருக்கும் விலக்கு நீங்கள் போகும் நாளில் இருக்க வேண்டும் என்பதில்லை. போன ஆண்டு போய்வந்தவரின் பேச்சைக் கேட்டுப் போகாதீர்கள்; அந்தந்த நாட்டின் அரசு அறிவிப்பைப் பாருங்கள். பாஸ்போர்ட்டும் பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லத்தக்கதாக இருக்கட்டும்.

ஒப்பந்தம் என்றேன். அதை யார் படிக்கிறார்கள் என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி உள்ளூர் ஏஜென்ட் மூலம் கார்னிவல் கம்பெனியில் பயணம் பதிவு செய்தார்கள். பணம் கட்டிய பிறகுதான் டிக்கெட் கைக்கு வந்தது. மெக்சிகோவுக்கு அப்பால் கடலில், கப்பலின் சமையற்கூடத்தைச் சுற்றிக் காட்டும்போது மனைவி தரைவிரிப்பில் வழுக்கி விழுந்து காயப்பட்டார். ஊருக்குத் திரும்பித் தங்கள் மாநிலத்திலேயே வழக்குப் போட்டார்கள். டிக்கெட்டிலோ, எந்த வழக்கானாலும் ஃப்ளோரிடா நீதிமன்றத்தில்தான் தொடுக்க வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1991-இல் அந்த வரி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அந்த நாட்டுக் குடிமக்களுக்கே, நாட்டின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போய் வழக்காட வேண்டிய நிலை. மயிலாப்பூரிலும் மதுரையிலும் இருக்கும் நமக்கு?

தீர்ப்பு நியாயமா என்று கேட்டால், இரண்டு நீதிபதிகள் அன்றே அதை ஏற்கவில்லை என்பதை மட்டும் சொல்வேன். கம்பெனி ஒரு நாட்டில், கப்பல் ஏந்தும் கொடி பஹாமாஸிலோ பனாமாவிலோ மால்டாவிலோ, மாலுமிகள் வேறு பல நாட்டவர். தகராறு வந்தால் எந்த வாசலில் போய் நிற்பது என்பதை அந்தத் தாள் ஒன்றுதான் சொல்லும். முழுவதும் படிக்கப் பொறுமை இல்லாவிட்டால் நான்கு இடங்களையாவது படியுங்கள்: வழக்கு எங்கே, ரத்து செய்தால் எந்தத் தேதிக்கு எவ்வளவு பிடிப்பார்கள், வழியை மாற்றும் உரிமை யாருக்கு, உடல்நலம் குறித்த நிபந்தனை என்ன. கடைசியில் சொன்னது கர்ப்பிணிகளுக்கு முக்கியம். 24 வாரம் எட்டியவர்களைப் பல கம்பெனிகள் ஏற்றுவதில்லை. அந்தக் கணக்கும் ஏறும் நாளுக்கு அன்று, பயணம் முடியும் நாளுக்கு.

காப்பீடு இல்லாமல் போகாதீர்கள். கப்பல் மருத்துவர் நல்லவராகவே இருப்பார். அவருடைய பில் டாலரில் வரும். நடுக்கடலிலிருந்து கரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் அந்தச் செலவுக்கு வீட்டை விற்க வேண்டியிருக்கும். பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் அவர்களுடைய சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காமல் எழுதி வாங்குங்கள்.

கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தின நாளே அந்த ஊருக்குப் போய்ச் சேருங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. மின்சார ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, கற்பூரம், ஊதுவத்தி எதுவும் கொண்டுபோகாதீர்கள். எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு குடும்பத்தின் குக்கர் பாதுகாப்புச் சோதனையிலேயே தங்கிவிட்டது. அந்த அம்மாள் குக்கரைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. சாதம் கப்பலிலேயே கிடைக்கும். சைவம், வெங்காயம் பூண்டு சேர்க்காதது என்று பதிவு செய்யும்போதே எழுதிவிட்டால் சமைத்தும் தருகிறார்கள். ரசத்துக்கு மட்டும் ஏங்காமல் இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முதல் வகைப் பொறுமை. ஏணியில் கால் வைத்ததும் இரண்டாவது தொடங்கிவிடுகிறது.

ஏறிய அன்றே ஆபத்துக்காலப் பயிற்சி உண்டு. படம் போட்டுக் காட்டுவார்கள். உங்களுக்கென்று குறித்த இடத்துக்குப் போய் நின்று பெயர் பதிய வேண்டும். எங்கள் பக்கத்தில் நின்ற ஓர் இளைஞன், “லீவு போட்டு வந்து இங்கேயும் டிரில்லா?” என்று அலுத்துக்கொண்டான். 2012 ஜனவரி 13-ஆம் தேதி கோஸ்டா கான்கார்டியா இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. 4,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்த அந்தக் கப்பலில் 32 பேர் உயிரிழந்தார்கள். அன்று மாலை சிவிடாவெக்கியாவில் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு இந்தப் பயிற்சி நடக்கவே இல்லை. நடக்காதது அன்றைய விதிப்படி தவறும் இல்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. அதன் பிறகு, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதி மாறி 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த இளைஞனிடம் இதைச் சொன்னேன். எரிச்சலோடு கேட்டான், ஆனால் கேட்டான். பயிற்சி முடிந்ததும் தன் மனைவிக்கு உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தான்.

எங்கள் பயணத்தில் புக்கெட் தீவு ஒரு நிறுத்தம். பெரிய கப்பல்கள் அங்கே படோங் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளை இறக்கும். அன்று விடியற்காலையில் அலை கூடிவிட்டது. படகில் ஆட்களை மாற்ற முடியாது, புக்கெட்டைத் தவிர்த்துப் போகிறோம் என்று கேப்டன் ஒலிபெருக்கியில் அறிவித்தார். சிறிது நேரத்தில் வரவேற்பு மேசை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடு என்றார் ஒருவர். இதற்காகத்தானே வந்தோம் என்றார் ஒரு பெண். மேசைக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு வயது இருபத்தைந்து இருக்கும்; அலையை அவளா கிளப்பினாள்? வழியை மாற்றும் உரிமை கேப்டனுக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்த ஊருக்காகக் கட்டிய துறைமுக வரி திரும்பக் கணக்கில் வரலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க இடமில்லை.

கூட்டத்தை விட்டு ஒதுங்கி, ஈப்போவிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ் அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன். சிறுமியாக ரஜுலாவில் அப்பா அம்மாவோடு டெக் டிக்கெட்டில் போனவராம். “நாகப்பட்டணத்துல ராத்திரி பூரா கரையிலேயே கெடந்தோம்ண்ணே. கடல் அடங்குனாத்தான் படகு எடுப்பாங்க. யாருகிட்ட போய்ச் சண்டை போட முடியும்?” என்றார். பிறகு ஒரு பெருமூச்சும் விடாமல், பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். பூமியோடு நிறுத்திக்கொண்டார்கள், கடலை ஆள்வதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

பொறுமை என்பது வாய் மூடிக்கொண்டிருப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இறங்குவதற்கு முந்தின மாலை எங்கள் அறைக் கணக்கில் நாங்கள் குடிக்காத பானம் ஒன்று ஏறியிருந்தது. மேசைக்குப் போய், ரசீதைக் காட்டி, தணிந்த குரலில் சொன்னேன், அங்கேயே நீக்கிவிட்டார்கள். இறங்கி ஊர் வந்த பிறகு கேட்டிருந்தால் மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டியிருக்கும். அதுபோலவே கப்பலில் ஏறியதும் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். கடல்வழி அலைவரிசையில் ஓர் அழைப்பு வந்தால்கூட வீட்டில் பில் வந்து நிற்கும். கரையில் இறங்கும்போது கப்பலின் கடிகாரம் எந்த ஊர் நேரத்தைக் காட்டுகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கரைக் கடிகாரத்தை நம்பித் திரும்பினால் கப்பலின் பின்புறத்தைத்தான் பார்க்க முடியும்.

சேவைக் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல கப்பல்களில் மேசைக்குப் போய்ச் சொன்னால் அதை நீக்கிவிடுவார்கள்; அப்படி நீக்கிப் பணம் மிச்சம் பிடிக்கும் வழியைப் பெருமையாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் நம்மவர்களிலும் உண்டு. எங்கள் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை ஒருவன் தட்டு எடுத்துக்கொண்டிருந்தான். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. எட்டு மாத ஒப்பந்தம். அதுவரை வாரவிடுமுறை என்று எதுவும் இல்லை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை நாளொன்றுக்குக் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்கிறது. மீதி 14 மணி நேரமும் வேலை இருக்கலாம் என்பதும் அதில் அடக்கம். “அந்த சர்வீஸ் சார்ஜை மட்டும் எடுத்துராதீங்க ஐயா. எங்க சம்பளத்துல அதுவும் சேர்ந்ததுதான்” என்றான். உங்களில் சிலர் அமெரிக்க வழக்கம் நமக்கெதற்கு என்று வாதாடுவீர்கள். வாதம் சரியாகவே இருக்கலாம். அதை விலையை ஒப்பிடும்போது வாதாடுங்கள், வேறு கம்பெனியைத் தேடுங்கள். ஏறிச் சாப்பிட்டு முடித்துவிட்டு அந்தப் பையனின் தட்டிலிருந்து எடுக்காதீர்கள்.

தம்பி மகன் இப்போது அலாஸ்கா போக வேண்டும் என்கிறான். சியாட்டிலில் ஏறிச் சியாட்டிலில் இறங்குவது. அமெரிக்க விசா இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று கேட்டான். வழியை எழுதச் சொன்னேன். கடைசி நாளுக்கு முந்தின மாலை கனடாவின் விக்டோரியா துறைமுகத்தில் சில மணி நேரம் நிற்கிறது. அந்த நிறுத்தம் ஊர் பார்ப்பதற்காக மட்டும் வைத்ததில்லை. வெளிநாட்டுக் கொடி ஏந்திய கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே மட்டும் பயணிகளை ஏற்றிப் போகக் கூடாது என்று 1886-இல் அமெரிக்கா போட்ட சட்டம் இன்றும் இருக்கிறது. அதனால் வெளிநாட்டு மண் ஒன்றைத் தொட்டாக வேண்டும். 2021-இல் கனடா தன் துறைமுகங்களை மூடியிருந்தபோது, இந்தச் சட்டத்துக்குத் தற்காலிக விலக்குக் கொடுத்துத்தான் அலாஸ்காவுக்குக் கப்பல் விட முடிந்தது. ஆக, அந்தச் சில மணி நேரத்துக்காக இந்தியப் பாஸ்போர்ட்காரனுக்குக் கனடா விசாவும் வேண்டும். அமெரிக்க விசாவும் பலமுறை நுழைவதற்கானதாக இருக்க வேண்டும். அவன் இன்னும் முழுத் தொகை கட்டவில்லை. முன்பணத்தைத் திரும்பப் பெறக்கூடிய வகையில் கொஞ்சம் கூடுதல் கட்டணம் கொடுத்துப் பதிவு செய்திருக்கிறான். கனடா விசாவுக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. மீதித் தொகை கட்டக் கடைசி நாள் மே மாதத்தில் வருகிறது; அதற்குள் விசா வந்தால் கட்டுவான், வராவிட்டால் ரத்து செய்துவிட்டு அடுத்த ஆண்டுக்குப் பார்ப்பான். அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை மட்டும் இப்போதே வாங்கிவிட்டான். தள்ளுபடியாம்.